பழைய மோட்டார் வண்டிகளும் புகைக் கணக்கும்

மோட்டார் வண்டிகளின் புகையைக் குறைப்பதற்கு அரசாங்கங்கள் கையாளும் வழிகளுள் ஒன்று, பழைய வண்டிகளைச் சொந்தக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கி, நசுக்கிப் பழைய இரும்பாக்கிவிடுவதாகும். இத்தகைய திட்டத்தை எதிர்ப்பவர் யாவர் என வினவினால், எண்ணெய்க் கம்பெனிகளும் மோட்டார் உற்பத்தியாளரும் என்றே பலரும் விடையளிப்பர். நடந்தது வேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வகையில் முதன்முதலாகப் பெரிய அளவில் நடைபெற்ற முயற்சியை ஓர் எண்ணெய்க் கம்பெனியே மேற்கொண்டது. புதிய வண்டி விற்போர் பிற்காலத் திட்டங்களை வரவேற்றனர். எதிர்த்து நின்றவர்கள், பழைய வண்டிகளின்மீது பற்றுக்கொண்டு அவற்றைத் தம் கையாலேயே பழுது பார்த்துப் பாதுகாத்துவரும் ஆர்வலர்கள்.

இவ்வெதிர்ப்பு வெறும் பழம்பொருட் பற்று என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அதனுள்ளே ஒரு கணக்கு அடங்கியுள்ளது. ஒரு வண்டியின் வயதை அளப்பதால் அதன் புகையை அளந்தவராவோமா என்பதே அக்கணக்கின் சாரம். நம் நாட்டிலும் 10 ஆண்டு, 15 ஆண்டு என்னும் வரம்புகள் வழக்கு மன்றங்கள்வரை சென்றிருப்பதால், களப்பணியாளரும் ஆசிரியரும் இதனைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

புகை வரும் வழிகள்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் மலைகளாலும் கடலாலும் சூழப்பட்ட ஒரு தட்டுப் போன்ற நிலப்பரப்பில் அமைந்தது. 1940ஆம் ஆண்டுகளில் அங்குக் கண்ணெரிச்சலும் இருமலும் உண்டாக்கும் பழுப்பு நிறப் புகைப்பனி படியலாயிற்று. கலிபோர்னியா தொழில்நுட்ப நிலையத்தைச் சேர்ந்த இரசாயன அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இதன் காரணத்தை விளக்கினார். எரியாது வெளிவரும் பெட்ரோல் ஆவியாகிய ஹைட்ரோகார்பன்களும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், சூரிய ஒளி படும்பொழுது ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓஸோனை உண்டாக்குகின்றன. இவ்விரண்டையும் ஏராளமாகத் தருவது மோட்டார் வண்டி.

அக்காலத்து வண்டியில் அசுத்தம் வெளியேறும் வாயில்கள் மூன்று. புகைக் குழாய் ஒன்று. பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயு வெளியேறும் கிராங்க் உறை மற்றொன்று. மூன்றாவது, பெட்ரோல் தொட்டியும் கார்புரேட்டரும்; இவற்றிலிருந்து ஆவி இடையறாது கசிந்துகொண்டிருக்கும். கிராங்க் உறை வாயுவை மீண்டும் எஞ்சினுக்கே திருப்பும் முறை 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வந்தது. புகைக் குழாய்க்கு நாடு முழுவதற்குமான வரம்பு 1968ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமலாயிற்று. 1975ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கேடலிடிக் கன்வர்ட்டர் என்னும் சாதனம் பரவிற்று. பிளாட்டினம், பல்லேடியம் முதலிய உலோகங்களின் மேற்பரப்பில் நச்சு வாயுக்களை ஆக்ஸிஜனுடன் சேரச்செய்து, கரியமில வாயுவும் நீராவியுமாக மாற்றுவது இதன் வேலை. ஈயம் கலந்த பெட்ரோல் இவ்வுலோகப் பரப்பைக் கெடுத்துவிடுமாதலால், ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. இது மக்களுக்குக் கிடைத்த இரண்டாவது நன்மை எனலாம்.

இம்மாற்றங்களின் பயன் எத்தகையது? கட்டுப்பாடு வருமுன் செய்யப்பட்ட வண்டிகள் சராசரியாக மைலுக்கு ஏறத்தாழ 84 கிராம் கார்பன் மோனாக்ஸைடும், 10.6 கிராம் ஹைட்ரோகார்பனும் வெளியிட்டன. 1994ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமலுக்கு வந்த அமெரிக்க வரம்போ, கார்பன் மோனாக்ஸைடுக்கு மைலுக்கு 3.4 கிராமே. ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒப்பிட்டால், பழைய வண்டி ஒன்று புதிய வண்டி இருபத்தைந்துக்குச் சமம். நசுக்கும் திட்டங்கள் யாவும் இவ்வெண்ணையே அடித்தளமாகக் கொண்டவை.

எழுநூறு டாலர் திட்டம்

1990ஆம் ஆண்டில் யூனோகால் என்னும் எண்ணெய்க் கம்பெனி, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 1971ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மாடல் வண்டிகளை, வண்டி ஒன்றுக்கு 700 டாலர் கொடுத்து வாங்கி நசுக்கத் தொடங்கியது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இவ்வாறு அழிந்தன. சுத்திகரிப்பு ஆலையில் பெருஞ்செலவு செய்து குறைக்கவேண்டிய அசுத்தத்தை, தெருவில் சொற்பச் செலவில் குறைத்துவிடலாம் என்பது இதன் பின்னிருந்த எண்ணம். 1992ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷின் அரசாங்கம், பழைய வண்டிகளை வாங்கி அழிக்கும் ஆலைகளுக்கு ‘குறைத்த அசுத்தம்’ என வரவு வைத்துக் கொடுக்கும் முறையை ஆதரித்தது. 1993ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரக் காற்றுத் தர நிர்வாகம் 1610ஆம் எண் விதியால் இதற்கு உருவம் கொடுத்தது.

ஆர்வலர்களின் எதிர்ப்பு இக்காலத்திலேயே வலுப்பெற்றது. அவர்களுக்காகப் பேசிய முக்கிய அமைப்பு, 1963ஆம் ஆண்டில் தோன்றிய ‘சீமா’ என்னும் மோட்டார் உபகரணத் தொழிலாளர் சங்கமன்று, உபகரணத் தொழிலதிபர் சங்கமாகும். பழைய வண்டிகளுக்கான உபகரணங்களை விற்போரும் அதில் உறுப்பினராதலால், அதன் வாதத்தில் சொந்த இலாபமும் கலந்துள்ளதென்பதை மறத்தலாகாது. எனினும் வாதம் யாருடையதாயினும், அது கணக்குக்கு ஒத்து வருகின்றதா என்பதையே நாம் நோக்கவேண்டும்.

அவர்களது முதல் ஆட்சேபம் தூரத்தைப் பற்றியது. ஒரு வண்டி ஆண்டு முழுவதும் வெளியிடும் அசுத்தம் என்பது, மைல் ஒன்றுக்கு வெளிவரும் அளவை, ஓடிய மைல்களால் பெருக்கி வருவது. ஆர்வலர் போற்றும் வண்டி ஞாயிற்றுக்கிழமைகளிலும் கண்காட்சி நாட்களிலும் மட்டுமே கொட்டகையைவிட்டு வெளிவருவது. ஆசிரியர்கள் வகுப்பில் இதனை ஒரு கணக்காகவே கொடுக்கலாம். ஆண்டுக்கு 500 மைல் ஓடும் பழைய வண்டி, மைலுக்கு 84 கிராம் வீதம் 42 கிலோகிராம் கார்பன் மோனாக்ஸைடு தரும். ஆண்டுக்கு 12,000 மைல் ஓடும் 1994ஆம் ஆண்டு மாடல் வண்டி, வரம்பாகிய 3.4 கிராம் வீதம் 40.8 கிலோகிராம் தரும். ஏறத்தாழ இரண்டும் ஒன்றே.

இவ்விடையை ஆர்வலர் தமக்குச் சாதகமாகக் கொள்வர். ஆயின் அதனைத் திருப்பிப் பார்ப்பதற்கும் இடமுண்டு: பொழுதுபோக்காக ஓடிய 500 மைலும், ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பிரயாணம் முழுவதும், காற்றுக்குச் செய்த கேடு ஒன்றே. அன்றியும், நிற்கும் வண்டி அசுத்தம் தராது என்பதும் சரியன்று. பகல் வெப்பத்தில் பெட்ரோல் தொட்டி சூடேறும்பொழுது ஆவி விரிந்து வெளியேறும். இரவில் குளிரும்பொழுது வெளிக்காற்று உட்புகும். ஆவியைப் பிடிக்கும் கரித்தூள் பெட்டி இல்லாத பழைய வண்டி, கொட்டகையில் நின்றவாறே நாள்தோறும் இவ்வாறு ‘சுவாசிக்கின்றது’. ஆர்வலர்களின் பிரசுரங்களில் இது பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் ஆழமானது. எழுநூறு டாலருக்கு எந்த வண்டி விற்பனைக்கு வரும்? நன்றாக ஓடும் வண்டியை அவ்விலைக்கு யாரும் கொடார். கொல்லையில் கிடப்பதும், இன்னும் சில மாதங்களில் தானே காயலான் கடைக்குச் செல்லவிருப்பதுமான வண்டியே முதலில் வந்து சேரும். அதனை நசுக்கியதால் குறைந்த அசுத்தம், அது நசுக்கப்படாதிருந்தால் எஞ்சிய காலத்தில் ஓடியிருக்கக்கூடிய மைல்களுக்கு மட்டுமே உரியது. அம்மைல்களை அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ஊகம் பெரிதானால் ஆலைக்குக் கிடைக்கும் வரவும் பெரிதாகும். இவ்வரவைக் காட்டி ஆலை தன் அசுத்தத்தைத் தொடருமானால், காகிதத்தில் குறைந்த புகை காற்றில் குறைந்திராது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 1997ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சுற்றுச்சூழல் அமைப்பொன்று 1610ஆம் எண் விதியை எதிர்த்து முறையிட்டது. வண்டிகளை நசுக்கிப் பெற்ற வரவைக் கொண்டு, எண்ணெய்க் கம்பெனிகள் கப்பலில் எண்ணெய் ஏற்றும் துறைகளில் ஆவியைப் பிடிக்கும் கருவி பொருத்தாது தப்பின என்பதும், நசுக்கிய வண்டிகளால் குறைந்த அசுத்தம் மிகைப்படுத்தப்பட்டது என்பதும் அம்முறையீட்டின் சாரம். வண்டிகள் நான்கு மாவட்டங்களில் பரவி ஓடியவை. அவற்றின் புகையும் பரவலாகவே இருந்தது. துறைமுக ஆவியோ, பென்ஸீன் முதலிய நச்சுப் பொருள்களுடன், வில்மிங்டன், சான் பெட்ரோ போன்ற சில குடியிருப்புகளின்மீதே படிந்தது. வில்மிங்டனில் வாழ்வோருள் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வமிசத்தைச் சேர்ந்த தொழிலாளர். பொதுவில் ஒரு டன் குறைந்து, ஒரு தெருவில் ஒரு டன் கூடினால், கூட்டிக் கழித்துச் சுழியம் என எழுதுவது கணக்குப் புத்தகத்துக்குத் தகும். அத்தெருவில் மூச்சு விடுபவருக்குத் தகாது. பழைய வண்டி ஆர்வலரும் சுற்றுச்சூழல் அமைப்பினரும், ஒருவரையொருவர் நேசிப்பவர் அல்லரெனினும், இவ்வொரு விஷயத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தனர்.

வயதா, பராமரிப்பா?

ஆர்வலருக்கு விஞ்ஞானத் துறையிலிருந்து கிடைத்த பெருந்துணை, டென்வர் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியர் டொனால்டு ஸ்டெட்மனும் அவரது உடனுழைப்பாளரும் 1987ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ஒரு கருவி. சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அகச்சிவப்புக் கதிரொன்று குறுக்கே பாயும். வண்டி கடந்து சென்றதும், அதன் பின்னே மிதக்கும் புகையினூடு கதிர் செல்லும். கார்பன் மோனாக்ஸைடு ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தையும், கரியமில வாயு வேறொரு குறிப்பிட்ட அலைநீளத்தையும் உறிஞ்சுவன. காற்று புகையை எவ்வளவு கலைத்தாலும் இரண்டையும் ஒரே விகிதத்திலேயே கலைக்குமாதலால், இரண்டின் விகிதத்தைக் கண்டால் போதும். எஞ்சினுள் எரிதல் எவ்வளவு நேர்த்தியாக நடந்ததென்பது விளங்கிவிடும். வண்டியை நிறுத்தவேண்டுவதில்லை. ஒரு விநாடிக்கும் குறைந்த நேரமே போதும்.

இவ்வாறு சாலையோரத்தில் அளந்த முடிவுகள் பலரை வியப்பில் ஆழ்த்தின. ஓடும் வண்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே, மொத்தக் கார்பன் மோனாக்ஸைடில் பாதியை வெளியிட்டது. அப்பத்தில் ஒரு பங்கில் பழைய வண்டிகள் மட்டுமின்றி, கன்வர்ட்டர் கெட்டுப்போனவையும், வேண்டுமென்றே கழற்றப்பட்டவையுமாகிய, வயதில் இளைய வண்டிகளும் இருந்தன. பராமரிப்பற்ற புதிய வண்டிகளுள் மிக மோசமானவை, நன்கு பராமரிக்கப்பட்ட பழைய வண்டிகளுள் சிறந்தவற்றைக் காட்டிலும் அதிக அசுத்தம் தந்தன. ஒவ்வொரு ஆண்டு மாடலினுள்ளேயே காணப்பட்ட ஏற்றத்தாழ்வு, ஆண்டுக்கு ஆண்டு சராசரியில் காணப்பட்ட வேறுபாட்டினும் பெரிது.

இதனைக் கொண்டு ‘வயது ஒரு பொருட்டே அன்று’ எனச் சில ஆர்வலர் கூறுவது வரம்பு மீறிய கூற்று. நன்கு சீர்செய்த கார்புரேட்டர் வண்டி தன் தலைமுறைச் சராசரியைவிடக் குறைவாகவே அசுத்தம் தரும் என்பது மெய். ஆனால் கன்வர்ட்டர் செவ்வனே இயங்கும் வண்டிக்கு அது ஈடாகாது. ஆய்வு உணர்த்துவது, வயது ஓர் அடையாளமேயன்றி அளவுகோல் அன்று என்பதையே. நரைத்தவரெல்லாம் நோயாளர் என்று மருத்துவர் முடிவு செய்வதில்லை. நரைத்தவரை முதலில் சோதிப்பதில் தவறுமில்லை.

கலிபோர்னியா நாளடைவில் இதனை ஓரளவு ஏற்றுக்கொண்டது. 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் அந்த ராஜ்யத்தின் காற்று வள வாரியம் வகுத்த விதிகளின்படி, விருப்பத்தின்பேரில் விற்கப்படும் வண்டியின் விவரத்தை நசுக்குவதற்குச் சில நாட்கள் முன்னரே வெளியிடவேண்டும். பழைய வண்டி சேகரிப்போரும், குறைந்த விலையில் வண்டி தேடும் ஏழை மக்களும், சொந்தக்காரருடன் பேசி அதனை வாங்கிக்கொள்ள இவ்வவகாசம் இடமளிக்கின்றது. எஞ்சினையும் புகை சம்பந்தமான பாகங்களையும் தவிர்த்து, கதவு, கண்ணாடி, விளக்கு முதலிய உதிரிப் பாகங்களை எடுத்து விற்கவும் வழி செய்யப்பட்டது. மற்றொரு துறை, புகைச் சோதனையில் தவறிய வண்டியை வாங்கிக்கொள்வதோடு, குறைந்த வருமானமுடையோர் அதனைப் பழுது பார்த்துக்கொள்ளவும் பண உதவி செய்கின்றது.

நீர்க்கண்ணாடி வைத்தியம்

இவை யாவற்றினும் பெரிய திட்டம் 2009ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் நடைபெற்றது. பொருளாதார மந்தத்தால் வண்டி விற்பனை வீழ்ந்திருந்த காலம் அது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, குறைந்த பெட்ரோலில் ஓடும் புதிய வண்டி வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி அளிக்க அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. ஜூலை இறுதியில் மனுக்கள் வரத்தொடங்கின. சில நாட்களிலேயே முதலில் ஒதுக்கிய 100 கோடி டாலர் தீரும் நிலைக்கு வந்தது. மேலும் 200 கோடி சேர்க்கப்பட்டது. ஆகஸ்டு 24ஆம் தேதி திட்டம் முடிவதற்குள் ஏறத்தாழ 6,77,000 வண்டிகள் வந்து சேர்ந்தன.

வந்த வண்டிகளின் எஞ்சின்கள் மீண்டும் ஓடாதிருக்கும்பொருட்டுச் சட்டம் ஒரு செய்முறையை விதித்தது. எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சோடியம் ஸிலிக்கேட் கரைசல் ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஊற்றி, எஞ்சினை நிமிஷத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் ஓடவிடுவர். சோடியம் ஸிலிக்கேட் நீர்க்கண்ணாடி எனப் பெயர் பெற்றது. முட்டையைக் கெடாது வைக்கவும், சோப்பில் கலக்கவும் நெடுங்காலம் பயன்பட்ட அதே பொருள்தான். எஞ்சின் வெப்பத்தில் நீர் ஆவியாக, எஞ்சியது கண்ணாடி போல் இறுகி, பேரிங்குகளையும் பிஸ்டன்களையும் அராவிப் பற்றிக்கொள்ளும். சில நிமிஷங்களில் எஞ்சின் என்றென்றைக்கும் நின்றுவிடும். நல்ல நிலையிலிருந்த எஞ்சின்கள் இவ்வாறு திணறி நிற்பதை ஆர்வலர் படமெடுத்துப் பரப்பினர். எஞ்சினைப் பழுது பார்த்துப் பழகிய கைக்கு அக்காட்சி எளிதில் பொறுக்கக்கூடியதன்று.

இங்கு ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். இச்சட்டம் 25 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளை மட்டுமே ஏற்றது. அதற்கு முற்பட்டவை விலக்கப்பட்டன. ஆர்வலர் சங்கம் வற்புறுத்தியதும் இதுவே. வந்தவற்றுள் அதிகமானவை 1990ஆம் ஆண்டுகளின் கனமான, பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் பயண வண்டிகள்; பழம்பெருமை வாய்ந்தவை அல்ல. ஆகவே கலைப்பொருள் அழிந்ததென்னும் புலம்பலில் மிகை உண்டு. உண்மையான இழப்பு, அடுத்த பல ஆண்டுகளுக்கு மற்ற வண்டிகளை உயிரோடு வைத்திருக்கக்கூடிய எஞ்சின்களும், ஏழைகள் வாங்கக்கூடிய மலிவான வண்டிகளுமே.

பயன் எவ்வளவு? கொடுத்த வண்டிகள் காலனுக்குச் சராசரி 15.8 மைலும், வாங்கிய வண்டிகள் 24.9 மைலும் ஓடுபவை. ஆண்டுக்கு 12,000 மைல் ஓடினால் மிச்சம் ஏறத்தாழ 277 காலன். அதாவது இரண்டரை டன்னுக்குச் சற்றுக் குறைந்த கரியமில வாயு. புதிய வண்டியைச் செய்வதிலேயே ஆறு டன் வெளியாகிறதென வைத்துக்கொண்டால், இரண்டரை ஆண்டில் அக்கடன் தீரும். பழைய வண்டி ஆண்டுக்கு 500 மைலே ஓடுவதாயின், அதே கடன் தீர ஏறக்குறைய அறுபது ஆண்டு வேண்டும். நாள்தோறும் ஓடும் வண்டியை மாற்றுவதில் பயன் உண்டு. கொட்டகையில் உறங்கும் வண்டியை அழிப்பதில் இல்லை. விற்பனையைப் பொறுத்தவரை, பொருளாதார அறிஞர் அதீஃப் மியானும் அமீர் சூஃபியும் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அவ்விரு மாதங்களில் கூடிய விற்பனையில் ஏறத்தாழ முழுவதும் அடுத்த சில மாத விற்பனையை முன்னதாக இழுத்துக்கொண்டதே எனக் கண்டது.

நம் நாட்டில்

பழைய வண்டிகளைப் போற்றுவோர் இந்தியாவிலும் நெடுங்காலமாக உள்ளனர். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை தில்லியில் 1964ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய வண்டி ஊர்வலம் புகழ் பெற்றது. 2021ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசாங்கம் இவ்வகை வண்டிகளுக்குத் தனி விதி வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல உருவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளுடன் தனி எண் பெறலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, ஆராய்ச்சி, ஊர்வலம், பழுது பார்த்தல், பெட்ரோல் நிரப்புதல் ஆகியவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டுதல் கூடாது. மேலே கண்ட 500 மைல் கணக்கை அப்படியே சட்டமாக்கியது போன்ற ஏற்பாடு இது.

சிக்கல் இதற்கு முந்தைய பருவத்தில் உள்ளது. தில்லித் தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2014ஆம் ஆண்டிலும், 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015ஆம் ஆண்டிலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனை நடைமுறைப்படுத்துமாறு கட்டளையிட்டது. பதினைந்தாம் ஆண்டில் நசுக்கப்படும் வண்டி ஐம்பதாம் ஆண்டை எட்டுவது எவ்வாறு என்று ஆர்வலர் கேட்கின்றனர். இடையிலுள்ள 35 ஆண்டுகளுக்கு அவ்வட்டார விதிகளில் விடையில்லை. நாட்டின் பிற பகுதிகளில், சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டு முடிந்ததும், தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகின்றது. அங்கு வயது, வண்டியைச் சோதனைக்கு அழைக்கும் மணி; தில்லியில் அதுவே தீர்ப்பு.

2025ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, வயது கடந்த வண்டிகளுக்குத் தில்லியில் எரிபொருள் நிரப்புதல் மறுக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டுமே காரணமாகக் கொண்டு கட்டாய நடவடிக்கை எடுக்கலாகாது என்றது. டிசம்பரில் அப்பாதுகாப்பை பி.எஸ். 4 தரத்துக்கும் அதற்கு மேற்பட்ட தரங்களுக்கும் உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும் உரியதாகத் திருத்தியது. பிறந்த ஆண்டைவிட்டு, எந்தத் தரத்துக்குச் செய்யப்பட்டது என்பதற்கு அளவுகோல் நகர்ந்துள்ளது.

தரமும் காகிதத்தில் உள்ளதே. சாலையில் உள்ளதை அறியச் சோதனை வேண்டும். நம் புகைச் சோதனை நிலையங்களில் பெட்ரோல் வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கின்றோம். நைட்ரஜன் ஆக்ஸைடு அங்கு அளக்கப்படுவதில்லை. பாரம் ஏற்றி ஓடும்பொழுது என்ன வெளிவருமென்பதும் தெரிவதில்லை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் தில்லியிலும் குருகிராமிலும் ஸ்டெட்மன் வழியில் அமைந்த சாலையோரக் கருவிகளால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அளக்கப்பட்டன. ஒரே வகைப்பட்ட வண்டிகளுள், சொந்த உபயோகத்தில் உள்ளவற்றைக் காட்டிலும் வாடகைக்கு ஓடுபவை அதிக நைட்ரஜன் ஆக்ஸைடு வெளியிட்டன. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவையும் அவையே.